செல்லத்தாய்க்குக் கொடுத்த குவார்ட்டர்ஸ்

1. ஆள் குறைக்க வந்த அம்மா

பங்களா வாசலில் என் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத்தான் ஜீப் டிரைவர் வாயைத் திறந்தார்.

"எத்தன பேர வீட்டுக்கு அனுப்பப் போறீகம்மா?"

"அதுக்கு வரலீங்க" என்றேன். அவர் நம்பவில்லை.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. கோயம்புத்தூர் மில் ஒன்றில் பர்சனல் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்று, மலையாள நாட்டுச் சித்தூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில் இருந்தேன். கணவர் காலமாகியிருந்தார். மகன் பம்பாயில். லண்டனில் தலைமை ஆபீசும் மெட்ராஸில் கிளையும் வைத்திருந்த ஒரு கன்சல்டன்சி கம்பெனி என்னை சீனியர் அட்வைசராக, பார்ட் டைமில் எடுத்துக்கொண்டது. இப்போது ஹியூமன் ரிசோர்சஸ் என்கிறார்கள். அன்று அதற்குப் பெயர் பர்சனல். தேவிகுளம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றின் நிர்வாகத்தைச் சீர்செய்து தரும் வேலை அவர்களுக்குக் கிடைத்திருந்தது. மாதத்தில் பாதி நாள் நான் மலையில் இருக்க வேண்டும்.

எஸ்டேட் ஆபீசுக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துப் பக்கம் போனால் வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் எழுந்து நிற்பார்கள். நான் திரும்பும்வரை உட்கார மாட்டார்கள். கிளப்பில் ஆபீசர்களின் மனைவிமார் என்னிடம் மழையைப் பற்றி மட்டும் பேசினார்கள். பங்களாவில் நீண்ட சாப்பாட்டு மேஜையின் ஒரு முனையில் நான் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுவேன். மெட்ராஸ் கம்பெனிக்கு நான் மலையாள நாட்டுக்காரி, மலைக்கு நான் மெட்ராஸ் கம்பெனிக்காரி. ஊரில் இருந்த நாட்களில் இந்தத் தனிமை எனக்கு வந்ததில்லை. அங்கே பேசாமலிருந்தால் யாராவது வந்து ஏன் பேசவில்லை என்று கேட்பார்கள்.

2. முதல் பெண் சூப்பர்வைசர்

கொழுந்து எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மேற்பார்ப்பவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண்களிலிருந்தே சூப்பர்வைசர் எடுக்கலாம் என்று நான் எழுதினேன். மெட்ராஸ் ஆபீசுக்கு அது பிடித்துப்போயிற்று. லண்டனுக்கு இன்னும் பிடித்துப்போயிற்று. மானேஜருக்குப் பிடிக்கவில்லை. அவர் தொடுபுழைப் பக்கத்துக்காரர், மலையாளம் கலந்து தமிழ் பேசுபவர், நல்ல மனிதர், பழைய முறைகளில் நம்பிக்கை உள்ளவர்.

"ஒராளைப் போட்டு நோக்காம் மேடம். சரியாகலைன்னா பின்னே இந்த விஷயம் பேசக்கூடாது" என்றார். ஒப்புக்கொண்டேன்.

செல்லத்தாயைத் தேர்ந்தெடுத்தோம். முப்பது வயதிருக்கும். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. லயத்தில் அண்ணன் வீட்டில் இருந்தாள். எஸ்எஸ்எல்சி வரை படித்தவள். இன்டர்வியூவில் மானேஜர் கேட்டார்: "பெண்ணுங்க நீ சொன்னாக் கேப்பாங்களா?"

"கேக்க மாட்டாக சார்" என்றாள் அவள். "ஆனா எதுக்குக் கேக்கலன்னு எங்கிட்ட சொல்லுவாக. மத்தவுக கிட்ட அதுவும் சொல்லுததில்ல."

மானேஜர் சிரித்தார். வேலை கிடைத்தது. சூப்பர்வைசர் லயத்தில் குடியிருக்கக் கூடாது என்பது எஸ்டேட் வழக்கம். ஆகவே அவளுக்கு ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் ஒன்றைக் கொடுத்தார்கள். சிமெண்டுத் தரை, தனிக் குழாய், முன்னால் கொஞ்சம் தோட்டம். சாவியை வாங்கி இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள். சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினேன்.

3. ஞாயிற்றுக்கிழமை மதியம்

அடுத்த முறை நான் போனபோது, ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் பங்களாவுக்கு வந்தாள். பின்வாசல் வழியாக வந்து அடுக்களைப் பக்கம் நின்றாள். முன்னால் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"என்னையப் பழைய வேலைக்கே போட்டுருங்கம்மா."

"ஏனுங்க, யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. அதான்மா."

பிறகு சொன்னாள். தேயிலைக் காட்டுக்குள் அவள் வருவதைப் பார்த்ததும் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். கூடவே வளர்ந்தவர்கள் 'நீங்க' என்கிறார்கள். காலையில் ஆள் பிரித்து அனுப்பியதும் ஆண் சூப்பர்வைசர்கள் ஒன்றாக டீ குடிப்பார்கள். அவளுக்கு யாரும் கிளாஸ் நீட்டுவதில்லை. அண்ணன் வீட்டுக்குப் போனால் மதினி பாய் எடுத்துப் போட்டு, விருந்தாளிக்குச் செய்வதுபோல் காப்பி கொடுக்கிறாள்.

"சோறு பொங்கி வச்சிட்டு அதையே பாத்துட்டு இருக்கேன்மா. தனியாத் திங்கதுக்கு இறங்க மாட்டேங்கு. லயத்துல ஒரு நாளும் தனியாத் தின்னதில்ல. சண்ட போட்டுக்கிட்டே திம்போம்."

அவள் இறங்கிவிட்டால் மானேஜர் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொள்வார். அந்த மலையில் இன்னொரு பெண்ணை மேலே கொண்டுவர எத்தனை காலமாகுமோ. இருக்கச் சொன்னால் இவள் இப்படியே காய்ந்துபோவாள். வேலைக்கு ஆள் எடுக்க எனக்குத் தெரியும். இதற்கு என்ன செய்வதென்று மில்லிலும் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

"இன்னைக்கு இங்கயே சாப்பிடுங்க" என்றேன்.

இரண்டு தட்டு வைத்தோம். தட்டில் பாதியைச் சாப்பிட்டாள். பிறகு, "நீங்களும் தினமும் ஒத்தையாவா இங்க உக்காந்து சாப்புடுதீக?" என்று கேட்டாள்.

"ஆமாங்க."

"பழகிப் போச்சோ?"

"இல்லீங்க" என்றேன். அந்த மலைக்கு வந்தபின் என்னைப் பற்றி ஒருவரிடம் நான் சொன்ன முதல் உண்மை அதுதான் என்று தோன்றியது.

யாராவது கூட இருந்தால் சமாளிக்க முடியுமா என்று கேட்டேன். "எங்கூடக் கொழுந்து எடுத்த முத்துமாரி வந்தா இருப்பேன். அவ என்னைய ஏசுவா" என்றாள்.

4. மானேஜரிடம்

மறுநாள் மானேஜரிடம் போய் இன்னொரு பெண்ணையும் சூப்பர்வைசராகப் போடச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒராள்தான்னு பேசி வச்சது மேடம். இது ஒங்க கம்பெனி ரிப்போர்ட்டில் இல்லா."

"இல்லீங்க. நான் கேக்கறேன்."

மெட்ராஸுக்கு ஃபோன் போட்டார். இது நம் வேலை வரம்பில் வராது, வற்புறுத்த வேண்டாம் என்று என் மேலதிகாரி என்னிடம் சொன்னார். ஃபோனை வைத்துவிட்டு மானேஜர் மேஜைக்குத் திரும்பினேன். அவர் ஃபைலில் தலையைக் கவிழ்த்திருந்தார்.

"ஏனுங்க சார், நீங்க முதமுதல்ல இந்த மலைக்கு வந்தப்ப யார் கூடச் சாப்பிட்டீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். டீ வந்தது, என் பக்கமும் ஒரு கப்பை நகர்த்தி வைத்தார். நான் கிளம்பும்போது, "அந்த மற்றக் குட்டியோட பேரென்ன?" என்று கேட்டார்.

முத்துமாரிக்கு வேலை கிடைத்தது. இருவரையும் அதே குவார்ட்டர்ஸில் தங்க விட்டார்கள். லயத்துப் பெண்கள் ஒரேயடியாக மாறிவிடவில்லை. ஆண்கள் டீ கிளாஸ் நீட்டவும் இல்லை. ஆனால் செல்லத்தாய் வேலையை விடவில்லை.

என் ஒப்பந்தத்தைக் கம்பெனி அதற்குமேல் நீட்டிக்கவில்லை. கடைசி நாள் பஸ்ஸுக்கு நடந்தே போனேன். வழியில் அந்த வீடு. கதவு திறந்திருந்தது. குழம்பில் புளி கூடிப்போனதைப் பற்றி உள்ளே முத்துமாரி கத்திக்கொண்டிருந்தாள். செல்லத்தாய் விடாமல் பதில் கொடுத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் இருவரும் எழுந்து நின்றுவிடுவார்கள். கூப்பிடாமல் நடந்தேன்.

அதற்குப் பிறகு எந்த நிறுவனத்துக்கு ஆலோசனை சொன்னாலும், இதுவரை தம்மைப் போன்றவர் யாரும் இல்லாத இடத்துக்கு ஒருவரை மட்டும் தனியாக அனுப்பாதீர்கள், குறைந்தது இருவரை அனுப்புங்கள் என்று எழுதிவந்திருக்கிறேன். காரணம் கேட்டவர்களிடம் நிர்வாகக் காரணங்களைச் சொல்லி வைத்தேன். இப்போது இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் இளையவர்களான நீங்கள் கேட்பதால் உள்ளதைச் சொல்லிவிட்டேன்.