நைனா ஒத்துக்கொண்ட கண்டிஷன்

மந்தைவெளியில் எங்கள் நைனாவின் டூ வீலர் ஷெட்டில், ஸ்பானர்கள் மாட்டியிருக்கும் பலகைக்குக் கீழே ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. சார்ஜ் ஏறாது, திரையும் வராது. கறுப்புப் பட்டன்களுக்கு நடுவே இரண்டு மட்டும் சிவந்திருக்கும்: ஒய் எழுத்தும் எண்டரும். புதிதாக வரும் கஸ்டமர்கள் பெயிண்ட் கொட்டிவிட்டதா என்று கேட்பார்கள். கேட்டவர்களை நான் சும்மா விடுவதில்லை. வண்டி ரெடியாகும்வரை ஸ்டூல் போட்டு உட்காரவைத்து முழுக் கதையையும் சொல்லித்தான் அனுப்புவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்றெல்லாம் பசப்பமாட்டேன், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அது என் அண்ணியின் லேப்டாப். பள்ளிக்கூடத்தில் படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த அன்று ஆட்டோவில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை அவருக்கு. நாள் முழுக்க நின்றுவிட்டு வீங்கிய காலோடு வருவார். ஆனால் லேப்டாப்பைத் திறந்துவிட்டால் அந்த முகமே வேறு. போனில் ஓடுகிற ஆப் எழுத, யாரிடமும் போய் உட்காராமல் தானாகவே கற்றுக்கொண்டிருந்தார். முன்பிருந்த சிஸ்டத்தைச் சுமக்க முடியாமல் அந்தப் பழைய பெட்டி திணறியதால், அதை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டிருந்தார். அடையாற்றில் ஒரு கம்பெனி அவரை இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. ஆப் செய்யத் தேவையான டூல்ஸ் எல்லாம் போட்ட சொந்த லேப்டாப்போடு வரவேண்டும், அவர்கள் கண்ணெதிரே தான் எழுதிய ஆப்பை மாற்றி போனில் ஓட்டிக் காட்டவேண்டும் என்பது ஏற்பாடு. விஜயதசமிக்கு மறுநாள் வரச் சொல்லிவிட்டார்கள்.

ஆயுத பூஜைக்கும் விஜயதசமிக்கும் சேர்த்து இரண்டு நாள் லீவு வாங்கவே அண்ணி கடையில் மல்லுக்கட்டியிருந்தார். மூன்றாவது நாளும் வரமாட்டேன் என்றதும் சூப்பர்வைசர், “தீபாவளி சீசன்ல இப்டி பண்ணா அப்டியே வூட்லயே இருந்துக்கோ” என்று சொல்லிவிட்டார். அண்ணியும் சரி என்று வந்துவிட்டார். ஆக, அந்த இரண்டு நாளில் லேப்டாப் தயாராகவில்லையென்றால் புது வேலையும் கிடைக்காது, இருக்கிற வேலையும் போய்விடும். கால்வாய் ஓரத்து எங்கள் வீட்டுக்குள் டவர் எடுக்காது, ஷெட்டில் நன்றாக எடுக்கும். பூஜை அன்று காலையிலேயே நாங்கள் இருவரும் அங்கே போய் உட்கார்ந்தோம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று கணக்குள்ள என் போன் டேட்டாவில்தான் எல்லாம் இறங்கவேண்டும். இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி என்று அண்ணி திட்டம் போட்டிருந்தார். இன்றைய டேட்டா மிஞ்சினால் நாளைக்கு ஆகாது. கட்டளைகளை வரிசையாகக் கொடுத்துவிட்டு, இனி அது தானாகவே ஓடும் என்று நிம்மதியாகச் சுண்டலைக் கிளறப் போனார்.

நைனா குளித்து, பட்டை போட்டு, குங்குமத் தட்டோடு வந்தார். ஸ்பானர், ஸ்குரூ டிரைவர், காற்றடிக்கும் பம்ப் வரை எல்லாம் வாழையிலையில் வரிசையாக இருந்தன. ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பைப் பார்த்தார். “இன்னாம்மா, இத்த மட்டும் தனியா வச்சிக்கினு கீறே? இதுவும் டூல்ஸ்தானே? எட்தாந்து இங்க வை.”

எனக்குச் சிலிர்த்துப்போனது. அந்த இலையில் தன் சாமானைத் தவிர வேறெதையும் அவர் வைத்துப் பார்த்ததில்லை. அண்ணனின் பைக்குக்குக்கூட வாசலில்தான் மாலை. அண்ணி தயங்கி, “ஓடிக்கினு கீது மாமா, நிறுத்த முடியாது” என்றார். “நிறுத்தாத, அது பாட்டுக்கு ஓடட்டும். ஆனா வச்சப்புறம் யாரும் கை வைக்கக்கூடாது. நாளைக்குக் காலீலதான்.” அண்ணி சரி என்று தலையாட்டினார். இந்த விஷயத்தில் நைனா எப்படிப்பட்டவர் என்று எங்கள் தெருவுக்கே தெரியும். முந்தைய வருஷம் பூஜை அன்று செயின் அறுந்த வண்டியை ஒருவர் தள்ளிக்கொண்டு வந்து கெஞ்சினார். நைனா ஸ்பானரைத் தொடவில்லை. தன் சொந்த வண்டிச் சாவியை அவர் கையில் கொடுத்து, “நாளைக்கு வந்து உன்னுத எட்துக்கோ” என்று அனுப்பிவிட்டார்.

சூடம் காட்டும்போதுதான் அண்ணி என் கையைக் கிள்ளினார். திரையில் ஓடிக்கொண்டிருந்த எழுத்து நின்றிருந்தது. நீளமாக ஏதோ ஆங்கிலம், கடைசியில் ஒரு கேள்வி. இந்தக் கண்டிஷனுக்கெல்லாம் ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்டு, ஒய் அழுத்தினால்தான் மேலே போவேன் என்று அடம்பிடித்து நின்றது. இப்படி நடுவில் கேட்கும் என்பதை அண்ணி மறந்தே போயிருந்தார். ஒரு பட்டன், அவ்வளவுதான். அடக் கஷ்டகாலமே என்று நான் கையை நீட்டினேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “வேணாம். மாமா சொல்லிக்கீறாரு.” கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது, பிடியை மட்டும் விடவில்லை.

பொரி கொடுக்க வந்த நைனா, “இன்னா மூஞ்சி ஒரு மாரி கீது?” என்றார். அண்ணி ஒன்றுமில்லை என்றார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? போட்டு உடைத்துவிட்டேன். நைனா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் குந்தினார். “ஒத்துக்கிறியான்னு கேக்குதா? நீ படிச்சியாம்மா?” அண்ணி, “இல்ல மாமா, இத்த யாருமே படிக்கமாட்டாங்க” என்றார். “படிக்காம எப்டி ஒத்துக்கறது? படி.”

சத்தியமாகச் சொல்கிறேன், சூடம் எரிந்து அணைந்த தட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அண்ணி அந்த ஆங்கிலத்தை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். நைனா “ம்... அப்பால?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஏதாவது பழுதானால் நாங்கள் பொறுப்பில்லை என்ற இடம் வந்ததும் சிரித்துவிட்டார். “அட, நம்ம போர்டுல எய்தியிருக்கறதுதான்!” வண்டியில் விட்டுச்செல்லும் பொருளுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று ஷெட் வாசலில் நாங்களும் எழுதிப்போட்டிருக்கிறோம். முழுக்கக் கேட்டு முடித்துவிட்டு, “வைக்கச் சொன்னவன் நானு. பொட்டு வைக்கற கையால நான் தொட்டா குத்தமில்ல. எங்க அமுக்கணும், காட்டு” என்றார். அண்ணி தொடாமல் விரலால் காட்டினார். குங்குமம் அப்பிய விரலால் நைனா ஒய்யை அழுத்தினார், பிறகு எண்டரை. உடனே இன்னொரு கண்டிஷன் வந்தது. அதையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். அதற்குப் பின் இன்னொன்று. “இன்னாடா இவன், நம்மள நம்பவேமாட்டறான்” என்று திட்டிக்கொண்டே அழுத்தினார். கடைசியில் எழுத்துகள் மறுபடி ஓட ஆரம்பித்தபோது அண்ணி தரையில் உட்கார்ந்து அழுதேவிட்டார். நைனா அவர் கையில் பொரியை அள்ளி வைத்தார்.

மறுநாள் காலை லேப்டாப்பை எடுத்து, மிச்சத்தையும் இறக்கி, நைனாவின் போனை வயரில் மாட்டினால், அந்தப் போனைத் தொட அனுமதியில்லை என்றது லினக்ஸ். அண்ணி அசரவில்லை. “இது தெரிஞ்ச பேஜாருதான்” என்று ஒரு ஃபைலில் ஒரு வரி எழுதினார், வயரைப் பிடுங்கி மாட்டினார். வண்டி நம்பரைப் போட்டால் அடுத்த ஆயில் எப்போது மாற்றவேண்டும் என்று சொல்லும் அவருடைய ஆப், நைனாவின் போனில் ஜோராகத் திறந்தது. நைனா தன் வண்டி நம்பரைத்தான் முதலில் போட்டுப் பார்த்தார்.

இண்டர்வியூவில் அவர்கள் கேட்ட மாற்றத்தைச் செய்து அண்ணி ஓட்டிக் காட்ட, முதல் தடவையே ஓடியதாம். ஒருவர் மட்டும் அந்தச் சிவப்பு என்ன என்று கேட்டிருக்கிறார். “எங்க மாமனார் கண்டிஷன முழுசா கேட்டுட்டு ஒத்துக்கிட்டாரு சார்” என்றாராம் அண்ணி. “நான் ஒரு தடவகூட படிச்சதில்லம்மா” என்று அவர் சிரித்தாராம். வேலை கிடைத்தது. பஸ் ஸ்டாப்பில் காத்திருந்த நான் போட்ட கூச்சலில் அடையாறே திரும்பிப் பார்த்தது.

இப்போது அண்ணிக்குக் கீழே ஒரு டீமே வேலை செய்கிறது. இந்த வருஷம் பூஜைக்கு ஆபீஸ் லேப்டாப்பைக் கொண்டுவந்து பழையதற்குப் பக்கத்தில் வைத்தார். நைனா குங்குமத்தோடு குனிந்தபோது, “மாமா, இத்த என்னத் தவிர யாரும் தொடக்கூடாதுன்னு ஆபீஸ்ல ரூல்” என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நைனா கையை இழுத்துக்கொண்டார். “ரூலுன்னா ரூலுதான்” என்று சொல்லி, இத்தனை வருஷமாக வேறு யார் கைக்கும் போகாத அந்தத் தட்டை அண்ணியிடம் நீட்டினார். அண்ணி புதியதற்கு ஒரு பொட்டு வைத்தார். பிறகு பழையதைத் திறந்து, வெளுக்கத் தொடங்கியிருந்த அந்த ஒய் பட்டனில் ஒரு பொட்டு வைத்தார். நைனா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

“எண்டர வுட்டுட்ட பாரு,” என்றார்.