பாயின்னு கூப்புட்டவ நான்தான்

இல்ல சம்பந்தி, அந்தக் காலத்துல களத்துல ஆளுங்களக் கூப்புட்டது நான்தான், வேற யாருமில்ல. நம்பாட்டி போங்க. என்ன நம்பி ஒங்க மகளையே எம்மகனுக்குக் குடுத்தீங்க, இத மட்டும் நம்ப மாட்டேங்கிறீங்களே! கோப்பிக் கொட்டை காயுற களத்துல கண்ணு வானத்துல இருக்கணும், காலு கொட்டையில இருக்கணும், வாயி எந்நேரமும் தொறக்கத் தயாரா இருக்கணும். வத்தேகமைக்கு மேல எங்க தோட்டத்துல அந்த வாயி என்னுதுதான்.

ஒங்ககூட வந்தவங்கள்ல, நாலு பேரு முன்னால பேச வேண்டி வந்தா எச்சி முழுங்கிக்கிட்டு நிக்கிறவங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் கிட்ட வந்து ஒக்காருங்க. நம்மெல்லாம் ஒரே கூட்டம். நானும் அப்படி நின்னவதான்.

இப்ப எங்க பாத்தாலும் தேயிலை. அப்ப எல்லாம் கோப்பி. பூத்துச்சுன்னா மலை முழுக்க வெள்ளைச் சீலையை விரிச்சாப்புல இருக்கும். மல்லியப்பூ மாதிரி வாசம் நாங்க குடியிருந்த லயத்துக் கதவெத் தட்டும். பழம் செவந்ததும் பறிச்சு, மிஷின்ல தோலெ உரிச்சு, ஊறவச்சுக் கழுவி, கொட்டையக் களத்துல கயித்துப் பாயி விரிச்சுக் காயப்போடணும். காலால கிண்டிக்கிட்டே நாள் பூரா நடப்போம். மழை விழுந்தா கொட்டை கறுத்துப் போயிரும், கண்டிக்குப் போற வண்டியில ஏத்த முடியாது. அதுக்குத்தான் வானத்தப் பாத்து, மழைக்கு முன்னாடி சத்தம் குடுக்க ஒரு ஆளு.

யாரும் கேக்காத வேலை

சத்தம் குடுத்துக்கிட்டிருந்த கெழவரு கப்பலேறி ஊருக்குப் போயிட்டாரு. அந்த வாரமே ரெண்டு தடவை களம் நனைஞ்சிருச்சு. காலையில பேரு கூப்புடுற பெரட்டுல எங்களையெல்லாம் நிறுத்தி வச்சு, "இனிமே யாரு கூப்புடுறது?"ன்னு கங்காணி கேட்டாரு. எல்லாரும் ஒருத்தர் பின்னால ஒருத்தர் ஒதுங்குனாங்க. ஒதுங்காம? மழை வந்துட்டா ஏன் முன்னாடியே கூப்புடலன்னு ஏச்சு, வராட்டி ஏன் கூப்புட்டேன்னு ஏச்சு. அப்பக் கங்காணி, "இந்த வேலைய எடுக்குற ஆளு களத்துலயே இருக்கலாம், மலைக்குப் போகத் தேவையில்ல"ன்னாரு.

நான் கையத் தூக்கிட்டேன். ஏன்னு கேளுங்க. எங்க வீட்டுக்காரரு காய்ச்சல்ல போயி மூணு மாசம். எம்மகன் அப்பவே பெரியவங்களோட மலைக்குப் போயிருவான், எம்மக சின்னத்தாயி கைப்புள்ள. மலைக்குத் தூக்கிட்டுப் போனா அட்டை கடிக்கும், லயத்துல விட்டா பாக்க ஆளில்ல. களம்னா, பக்கத்து ஸ்டோருக்குள்ள ஏணை கட்டிப் போட்டுக்கலாம். பக்கத்துல நின்ன என் கூட்டாளி முத்தம்மா என் காதுக்குள்ள சொன்னா: "பீலியில தண்ணி புடிக்க எடம் விடுங்கன்னு கேக்கவே ஒனக்கு வாயி வராது, நீயாடி கூப்புடப் போறவ?"

மொதக் கூப்பாடு

ஒரு சங்கதி சொல்லணும். களத்துல மழைன்னு கத்தக் கூடாது. மழைன்னா அத்தன பேரும் தலையத் தூக்கி வானத்தப் பாத்துக்கிட்டு, வரும், வராதுன்னு வழக்குப் பேசுவாங்க. அதுக்குள்ள நனைஞ்சிரும். "பாயி!"ன்னு கத்தணும். ஒடனே எல்லாரும் குனிஞ்சு ஆளுக்கொரு முனையப் புடிச்சுச் சுருட்டிருவாங்க. தெரியும் எனக்கு. தெரிஞ்சு என்ன?

மூணா நாள் மத்தியானம் மலைக்குப் பின்னால கறுப்பு ஏறுது. வாயத் தொறக்கிறேன், பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வருது. எனக்கே கேக்கல. ரெண்டாவது தடவ கொஞ்சம் கேட்டுச்சு, ஆனா அதுக்குள்ள என் மூக்கு மேலயே துளி விழுந்துருச்சு. ரெண்டு பாயி நனைஞ்சு போச்சு. கங்காணி தலையைத் தொவட்டிக்கிட்டே வந்தாரு: "நனைஞ்ச பெறகு மழைன்னு சொல்றதுக்கு எனக்கு ஆளு எதுக்கு? அது என் தலைக்கே தெரியுதே! இன்னும் பத்து நாள் பாப்பேன், அப்புறம் நீ மலைக்கு."

ஓடைக்கரையில

பத்து நாள். அன்னைக்கு வேலை முடிஞ்சதும் புள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு ஓடைக்கரைக்குப் போனேன். எதுத்த மலையப் பாத்து, "பாயி! பாயி!"ன்னு தொண்டை கிழியக் கத்திப் பழகினேன். சின்னத்தாயி மொத நாள் அழுதா, ரெண்டாம் நாள் சிரிச்சா, மூணாம் நாள் அவளும் கூடச் சேந்து கத்துனா.

நாலாம் நாள், எதுத்த கிராமத்துச் சிங்களவரு ஒருத்தரு மம்பட்டியோட மூச்சு வாங்க ஓடியாறாரு. நாலு நாளா யாரோ பொம்பளை கத்துறாளே, பாம்போ பன்னியோன்னு பயந்து, பள்ளத்துல எறங்கி ஓடையத் தாண்டி வந்துருக்காரு, பாவம். நான் வெக்கத்தோட கதையச் சொன்னேன். அவருக்கு அரைத் தமிழ் தெரியும். ஒரு கல்லுல ஒக்காந்து வேர்வையெல்லாம் தொடச்சுக்கிட்டு சொன்னாரு: "நங்கி, தங்கச்சி, சத்தம் ரொம்ப ஹொந்தாய், ரொம்ப நல்லம். நாளைக்கி அந்தப் பக்கம் திரும்பிக் கத்து, எனக்கு கால் வலிக்குது."

வராத மழை

சத்தம் வந்துருச்சு. அப்புறம் வேற தொல்லை. எந்த மேகத்தப் பாத்தாலும் கூப்புட்டேன். ஒரே நாள்ல மூணு தடவ! களத்து ஆளுங்க இருவத்தஞ்சு பேரும் அள்ளுறதும் விரிக்கிறதுமா இடுப்பு ஒடிஞ்சு போச்சு. மூணாவது தடவ உள்ள கொண்டு போயி வச்சு நிமிர்ந்தா வெயிலு பல்லக் காட்டிக்கிட்டு நிக்குது. முத்தம்மா என் பக்கம் திரும்பவே இல்ல. ஸ்டோருக்குள்ள போயி ஏணைக்கிட்ட நின்னு அழுதேன். இனிமே நல்லா இருட்டினாத்தான் கூப்புடுறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

அலவத்துகொடையிலருந்து மாட்டு மேல உப்பும் கருவாடும் ஏத்திக்கிட்டு, நானான்னு நாங்க கூப்புடுற முஸ்லிம் யாவாரி ஒருத்தரு வருவாரு. அன்னைக்கு ஸ்டோரு நெழல்ல மாட்டக் கட்டிட்டு ஒக்காந்திருந்தாரு. நான் அழறதப் பாத்துட்டு ஏன்னு கேட்டாரு. சொன்னேன். முன்னால நின்ன செவலை மாட்டைக் காட்டினாரு: "இந்தா புள்ள, இது பத்துத் தரம் சும்மா வெருண்டு உப்பெல்லாம் கொட்டிப் போட்டிச்சு. பதினோராந் தரம் நெசமாவே சிறுத்தை நிண்டிச்சு. அதாலதான் இதை இன்னும் முன்னுக்குக் கட்டுறேன்."

தொரை நின்ன நாளு

பத்தாவது நாள். மறுநாள் வண்டி வருது, களம் பூராக் கொட்டை. தோட்டத்து வெள்ளக்காரத் தொரை வேற தொப்பியும் பிரம்புமா வந்து நடுக்களத்துல நின்னு கங்காணிகிட்ட பேசிக்கிட்டிருக்காரு. வானம் நீலம், ஒரு துண்டு மேகங்கூட இல்ல. நான் காலால கிண்டிக்கிட்டே நடக்குறேன். காலையிலருந்து காஞ்ச கொட்டை காலுக்குக் கீழ சலசலன்னு பேசும். திடீர்னு அந்தச் சத்தம் மந்தமாயிருச்சு. ஈரக் காத்து பட்டாத்தான் அப்படி ஆகும். வானத்துல ஒண்ணுமில்ல, காலுக்கு மட்டும் தெரியுது. கூப்புட்டுத் தப்பாப் போனா நாளைக்கே மலை, புள்ளைக்கு எடமில்ல. கூப்புடாம விட்டாலும் அதேதான்.

"பாயீ...!"

தொரை பேச்சு நின்னுருச்சு. எல்லாரும் வானத்தப் பாத்தாங்க. கங்காணி கையக் காட்டி, "யாரும் தொடாதீங்க! அவளுக்குப் பைத்தியம்"னாரு. என் தொண்டை அடங்கல சம்பந்தி. தொரை மூஞ்சியப் பாத்துக்கிட்டே மறுபடியும் கூப்புட்டேன். யாரு குனிஞ்சா தெரியுமா? நாலு நாளா எங்கூடப் பேசாத முத்தம்மா. அவ குனிஞ்சதும் மத்தவங்களும் குனிஞ்சாங்க.

கடைசிப் பாயி உள்ள போயி ரொம்ப நேரம் ஒண்ணுமில்ல. வெயிலு அப்படியே இருக்கு. தொரை, "விரி"ன்னாரு. நான், "இல்ல தொரை"ன்னேன். அந்த மலையில அவருகிட்ட இல்லன்னு சொன்ன மொத வாயி என்னுதாத்தான் இருக்கும். அவரு மொறைச்சாரு. மொறைச்சுக்கிட்டு இருக்கும்போதே மலைக்கு மேல கறுப்பு எட்டிப் பாத்து, ஒரே எறக்கமா எறங்கி ஊத்துச்சு. நாங்கல்லாம் ஸ்டோருக்குள்ள. அவரு நடுக்களத்துல. தொப்பியிலருந்து தண்ணி ஒழுக உள்ள வந்து, எனக்கு நேரா நின்னு சொன்னாரு: "இனிமே கூப்புடறப்ப, கங்காணிகிட்ட சொல்லி என்னியும் சேத்து உள்ளே தூக்கிப் போடு."

ஒத்தப் பாயி

சின்னத்தாயி ஏணையிலருந்து எறங்கி, களத்துலயே நடை பழகி, கொட்டை மேல வழுக்கி விழுந்து, முன்பல்லு முளைச்சு விழுந்து எல்லாம் அங்கதான். அப்புறம் கோப்பி எலைக்கு அடியில மஞ்சப் பொடியா ஒரு நோவு வந்துச்சு. கையால தடவினா ஒட்டும். ஒவ்வொரு மலையா எலை உதிந்து மொட்டையாச்சு. பூத்த வாசம் கொறைஞ்சுகிட்டே வந்து, ஒரு வருசம் வரவே இல்ல. தெரிஞ்ச சனமெல்லாம் மூட்டையக் கட்டிக்கிட்டு கெலிஓயா பக்கமும் ஊருக்கும் போயிட்டாங்க.

கடைசி வருசம் களத்துல ஒரே ஒரு பாயிதான். நானும் முத்தம்மாவும் ரெண்டே பேரு. கறுத்துக்கிட்டு வந்துச்சு, நான் இருவத்தஞ்சு பேருக்குக் கூப்புடுற மாதிரியே கூப்புட்டேன். மலை அப்படியே திருப்பிச் சொல்லுச்சு. முத்தம்மா ஒரு முனையப் புடிச்சுக்கிட்டு, கண்ணத் தொடச்சுக்கிட்டே சிரிச்சா: "பக்கத்துலதானடி நிக்கிறேன், எவளுக்குடி இம்புட்டுச் சத்தம்?"

கணக்குப் பாத்தா பாதிக்குப் பாதி தப்பாத்தான் கூப்புட்டிருப்பேன் சம்பந்தி, ஆனா தப்பாக் கூப்புட்ட வாய்க்குத்தான் அடுத்த தடவ பயம் விட்டுப் போச்சு.

அடியே சின்னத்தாயி! மாமா பசியோட ஒக்காந்திருக்காரு, சோத்த உள்ள கொண்டா! அங்க இருந்தே பதிலுக்குக் கத்தாத, நாலு லயத்துக்குக் கேக்குது!