கல்வெட்டு என்ற ஃபோல்டர்

வெள்ளவத்தை வீட்டில் எல்லோருக்குமாக ஒரே கம்ப்யூட்டர், அதுவும் ஹோலில். பாஸ்வேர்ட் போட முடியாது. போட்டால் "எங்களுக்குத் தெரியாம என்னத்தை ஒளிக்கிறாய்?" என்று அண்ணன் கார்த்திகன் கேட்பான், அம்மா கேட்காமலே அழத் தொடங்கிவிடுவாள். இப்படியொரு வீட்டில் நிஷாந்தி வேறு என்னதான் செய்வாள்?

அவள் ஒளித்து வைத்திருந்தது ஒரு பிள்ளையை. களனியில் உள்ள சிறுவர் இல்லம் ஒன்றில் வளரும் மூன்று வயதுச் சிறுமி. அவளைத் தத்தெடுப்பதற்கான விண்ணப்பம், அவளுடைய படங்கள் எல்லாமே அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. நாற்பதை நெருங்கும் தங்கைக்கு இன்னமும் லண்டனில் மாப்பிள்ளை தேடிக்கொண்டிருக்கும் கார்த்திகனுக்கு இது தெரிந்தால் கதை முடிந்தது. அம்மாவின் கண்ணீரைக் காட்டியே தடுத்துவிடுவான். அதிகாரிகள் வீடு பார்க்க வருவதற்குள் பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்து நினைத்தே மாதங்களைக் கடத்திவிட்டாள்.

அதுவரைக்கும் ஒளிக்க ஓர் இடம் வேண்டுமே. அப்பா இராசரத்தினத்தின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு எனப்படும் நினைவு மலர் அடித்தபோது சேர்த்த படங்கள் 'அப்பா கல்வெட்டு' என்ற ஃபோல்டரில் கிடந்தன. அழுகை வரும் என்று வீட்டில் ஒருவரும் அதைத் திறப்பதில்லை. பிள்ளையை அதற்குள் வைத்துவிட்டு, தன் கெட்டித்தனத்தை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டாள். யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் பிறந்தவள், செத்தவருக்கு ஆண்டுத்திவசம் வரும், பேப்பரில் படம் போடுவார்கள் என்பதை மறந்தாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை சந்தையால் வந்தவளிடம் அம்மா சொன்னாள்:

"அண்ணா அப்பான்ர கல்வெட்டை அப்பிடியே பென்டிரைவில ஏத்திக்கொண்டு முந்தி அடிச்ச கொட்டாஞ்சேனை அச்சகத்துக்குப் போட்டான். பேப்பரில போட நினைவஞ்சலி அடிக்கவாம்."

மரக்கறிப் பையை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஓட்டோவில் ஏறியதிலிருந்து அண்ணனுக்கு அழைத்துக்கொண்டே இருந்தாள். அவன் எடுக்கவில்லை. காலி வீதி நகரமாட்டேன் என்று நின்றது. "மல்லி, இக்மனட்ட யன்ன!" என்று, வேகமாகப் போகச் சொல்லிச் சிங்களத்தில் ஓட்டோக்காரனை விரட்டினாள். பறந்து போகச் சொல்கிறாளா என்பதுபோல் அவன் கண்ணாடியில் பார்த்தான். அண்ணன் படங்களைப் பார்த்திருப்பானோ, இன்னும் பார்த்திருக்கமாட்டானோ? அம்மாவுக்கு ஃபோன் போட்டிருப்பானோ?

அச்சகத்துக்குள் அவள் மூச்சு வாங்க நுழைந்தபோது, கோட் போட்ட அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் திரை நிறைய அந்தச் சிறுமி சிரித்துக்கொண்டிருந்தாள். முன்னால் கார்த்திகன், திரையையே பார்த்தபடி நின்றான்.

"இதுல ஒரு சின்னப் புள்ளட ஃபோட்டோவும் ஈக்கிதே, யாரு?" அச்சகக்கார அஹ்ஸன் பாவம், ஒன்றும் அறியாமல் கேட்டான்.

கார்த்திகன் திரும்பித் தங்கையைப் பார்த்தான். "ஆரடி இது?"

எத்தனையோ நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வசனங்களையெல்லாம் அவள் விட்டுவிட்டாள்.

"அப்பான்ர பேத்தி," என்றாள் நிஷாந்தி.

"அப்ப பேரச் சொல்லுங்க மிஸ், மத்தப் பேரப்புள்ளைகளோட சேத்துப் போட்டுர்றேன்," என்றான் அஹ்ஸன்.

"இந்த முறை வேண்டாம். கோர்ட் ஓடர் இன்னும் வரேல்ல." அவள் அண்ணனின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வாற வருசம் போடுவம்."