அடுப்பைக் கேட்காத படிவம்

எங்கள் ஆய்வின் ஒப்பீட்டுக் குழுவில் ஓர் ஆள் குறைந்தது. வருவதாகச் சொன்ன பெண் வரவில்லை. வேலூர் ஆய்வகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் ஐஸ் பெட்டி தயாராக இருந்தது. நானே கையை நீட்டி ரத்தம் கொடுத்தேன். படிவத்தையும் நானே நிரப்பினேன். நான் எழுதிய படிவம்தானே. வீட்டருகே ஆலை உண்டா? இல்லை. குப்பை எரிக்கும் இடம்? இல்லை. அவசரத்துக்கு அழைக்க வேண்டிய உறவினர் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டேன்.

கழிவு எரியும் இடத்தருகே வசிக்கும் பெண்களோடு, என் ஊரான ஆரணியின் பெண்களை ஒப்பிடுவது எங்கள் ஆய்வு. பிளாஸ்டிக்கும் ரப்பரும் எரிந்தால் வரும் சில நச்சுகள் உடம்பின் கொழுப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டால் பல வருடம் இறங்காது. அவற்றைச் சமாளிக்கச் சில மரபணுக்கள் வழக்கத்தைவிட மும்முரமாக வேலை செய்யும். எது மும்முரம், எது அடக்கம் என்பதை ரத்தத்தில் அளக்கலாம். அதை வைத்து, நோய் வருமுன்பே ஆபத்தை மதிப்பிட முடியுமா என்று பார்த்தோம்.

அப்பா அம்மா இறந்தபிறகு ஆரணி வீட்டில் நான் மட்டும். வாரத்தில் ஒரு நாள் கண்ணமங்கலம் வழியாக வேலூர் பஸ். மற்ற நாளெல்லாம் லேப்டாப். பக்கத்து வீட்டு விசைத்தறி நின்றால்தான், காலையிலிருந்து யாரோடும் பேசவில்லை என்பது உறைக்கும்.

முடிவுகள் வந்தன. வரைபடத்தில் ஒவ்வொரு பெண்ணும் ஒரு புள்ளி. கழிவு எரியும் பக்கத்துப் பெண்கள் சிவப்பு, ஆரணிக்காரர்கள் நாங்கள் நீலம். சிவப்புக்கு நடுவே ஒரே ஒரு நீலப் புள்ளி.

ஆய்வை நடத்தும் பேராசிரியர் போனில் சொன்னார்: "அது ஒன்னு மட்டும் ஒட்டாம நிக்குது பாரும்மா. டியூப்ல ஏதாவது கோளாறா இருக்கும், எடுத்துடு."

அந்த ரத்தக் குழாயின் எண்ணைப் பார்த்தேன். என்னுடையது. "சரிங்க மேடம்" என்றேன். பெரிய தைரியசாலி!

மதியம் செய்யாரில் இருக்கும் தங்கையைக் கூப்பிட்டேன். கைக்குழந்தைக்காரி.

"அப்பா சாயப்பட்டறை அடுப்புல என்ன போட்டு எரிப்பாரு?"

"இன்னா கேள்வி இது? டயரு, பழைய செருப்பு, ஒயரு, கெடச்சதெல்லாம்தான். நீதான் ஊதிகினு இருப்ப. நான் உன் மடியில தூங்கிகினு இருப்பேன். ஏன்க்கா?"

"சும்மாதான்."

எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. தெருத்தெருவாகப் போய்ப் படிவம் நிரப்பியவள், பட்டு நூல் வேகும் கொப்பரைக்குக் கீழே என்ன எரிந்தது என்று ஒரு கேள்வி வைக்கவில்லை. ஆபத்து என்றால் அது வேறு யாருடைய ஊரிலோ இருக்கும் என்கிற படித்த திமிர். ஒரு புள்ளியை வைத்து ஒருவர் உடம்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஒரு காய்ச்சல்கூட அதை நகர்த்திவிடும் என்று எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டபோது அது எடுபடவில்லை. பயந்தேன். என்னைவிட, அந்தப் புகையிலேயே தூங்கிய தங்கைக்காக. இந்த நச்சு தாய்ப்பாலிலும் போகும்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. சோறு வடித்தேன், பாதியைக் கொட்டினேன். மூன்றாம் நாள் பேராசிரியரை அழைத்தேன்.

"மேடம், டியூப்ல கோளாறு இல்லை. அது நான்."

சொந்த ரத்தத்தைச் சேர்த்ததற்குத் திட்டினார். அந்தப் புள்ளியை நீக்கச் சொன்னார். ஆரணிப் பெண்கள் எல்லோரிடமும் மறுபடி போய் அடுப்பைப் பற்றிக் கேட்கவேண்டும் என்றார். பிறகு குரல் தணிந்தது. "தங்கச்சிக்குச் சொன்னியா? பால் கொடுக்கிறதை நிறுத்தவேணாம்னு முதல்ல சொல்லு. அதுல இருக்கிற நன்மைதான் பெருசு."

தங்கையிடம் அதையே முதலில் சொன்னேன். பிறகு அடுப்பு, டயர், நீலப் புள்ளி எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தைக்கு என்ன ஆகும் என்று கேட்பாள் என நினைத்து, பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"ரெண்டு நாளா இத்த மனசுல வெச்சிகினு, அந்த வூட்ல ஒண்டியாவா ஒக்காந்துகினு இருந்த?"

அழுதேன். அவள் போனை வைக்கவில்லை. என் படிவத்தில், உறவினர் என்ற இடத்தில் போட்டிருந்த கோட்டின்மேல் அவள் போன் எண்ணை எழுதினேன்.