நான் காட்டிக்கொடுத்த சரளைப் பாதை

போன மாதம் எங்கள் டீமை மலைமேல் இருக்கும் ஒரு ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போனார்கள். வாசலிலேயே ஒரு சைக்கிளை நிறுத்தி, டயர் முதல் சீட் வரை வெள்ளைப் பெயின்ட் அடித்து, முன்கூடையில் பிளாஸ்டிக் பூக்களைச் செருகி வைத்திருந்தார்கள். செயினுக்கும் பெயின்ட்! சைக்கிள் ஓட்டியவர்களால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. உள்ளே போனால் வரவேற்பறையில் ஏதோ எண்ணெயை ஆவியாக்கி, 'காட்டு வாசனை' என்று பரப்பிக்கொண்டிருந்தார்கள். கக்கூஸ் கழுவும் மருந்தில் இஞ்சிப்புல்லை நசுக்கிப் போட்டால் என்ன வாடை வருமோ, அது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, குமட்டலுக்கு அந்த எண்ணெய் மட்டும் காரணமில்லை. அந்த ரிசார்ட்டுக்குப் போகிற வழியை ஊருக்குக் காட்டிக்கொடுத்தவளே நான்தான்.

நிஜமான காட்டுக்கு ஒற்றை வாசனை கிடையாது. மழை விட்டதும் சரளைக் கல்லிலிருந்து ஒரு இரும்பு வாடை எழும். நசுங்கின புல், யானை லத்தி, இறக்கத்தில் சூடேறிய பிரேக் ரப்பர், நம்முடைய வியர்வை, எல்லாம் சேர்ந்து மூக்கில் ஏறும். அந்தக் கலவையோடு ஞாயிற்றுக்கிழமை மதியம் திருவனந்தபுரத்தில் கரமனை வீட்டுக்குத் திரும்பினால் அம்மா வாசலிலேயே நிறுத்திவிடுவாள். "ஏண்டி, இது சைக்கிளா, சேத்துல முங்கின எருமையா? கொல்லை வழியா வா. கால்ல அட்டை இருக்கான்னு பாத்துட்டு ஆத்துக்குள்ள நுழை." ஒருநாள் ஓர் அட்டை என்னை ஏமாற்றிவிட்டு உள்ளே வந்து, பூஜை அறை வாசலில் கோலத்தின்மேல் நெளிந்தது. அதைப் பற்றி அம்மா சொன்னதை எழுத முடியாது.

கழக்கூட்டம் ஐடி பார்க்கில் வேலைக்குச் சேர்ந்த புதிது அது. நாள் முழுக்க ஏசியில் உட்கார்ந்து கழுத்து பிடித்துக்கொண்டிருந்த காலம். எனக்குச் சைக்கிள் பைத்தியம் பிடிக்க வைத்தவர் தங்கராஜ் அண்ணா. குமரி மாவட்டத்துக் குலசேகரத்துக்காரர், டெஸ்டிங்கில் சீனியர், என்னைவிட எட்டு வயது மூத்தவர். இன்று வளைந்த ஹேண்டில்பார் வைத்து 'கிராவல் பைக்' என்று விற்கிறார்களே, அந்தப் பெயரெல்லாம் எங்களுக்குத் தெரியாது. தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்கள்தான். தார் ரோடு முடிகிற இடத்தில் இறங்கி, கட்டைவிரலால் என் டயரை அமுக்கிப் பார்ப்பார்.

"இவ்வளவு காத்து வச்சா கல்லு ஒன்னத் தூக்கி எறிஞ்சிரும். கொஞ்சம் விடு மக்ளே, கேட்டியா."

நான் கேட்கவில்லை. முதல் வளைவிலேயே கல் என்னைத் தூக்கி எறிந்தது. முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

விடிவதற்குள் கிளம்பி, பேரூர்க்கடை, நெடுமங்காடு வழியாக விதுரா போய், அங்கே புட்டும் கடலையும் தின்றுவிட்டு ஏறுவோம். விதுராவுக்கு மேலே, தேயிலை ஃபேக்டரியை எப்போதோ மூடிவிட்ட ஒரு எஸ்டேட். பெயரைச் சொல்லமாட்டேன். ஒருமுறை ஊருக்குச் சொன்னதே போதும். அங்கே போவது ஒரு பழைய ஜீப் பாதை; காட்டை ஒட்டி வளைந்து வளைந்து ஏறும். வெட்டுவாரில்லாமல் தேயிலைச் செடிகள் ஆள் உயரத்துக்கு மேலே மரமாக நின்றன. சக்கரத்துக்குக் கீழே சரளை பொரி வறுக்கிற மாதிரி சத்தம் போடும். அதைத் தவிர வேறு சத்தம் இல்லை.

பாதை முடிகிற இடத்தில் தொழிலாளர் லயம், ஒரே கூரைக்குக் கீழே வரிசை வீடுகள். பன்னிரண்டு கதவுகள், மூன்றில்தான் ஆட்கள். அதில் ஒரு கதவு செல்வராணி அக்காவுடையது. தாத்தா காலத்தில் தென்காசிப் பக்கத்திலிருந்து கொழுந்து பறிக்க வந்த குடும்பம். புருஷன் இல்லை, மகளைத் தென்காசியிலேயே கட்டிக்கொடுத்துவிட்டாள். முதல்முறை நாங்கள் மழையில் தொப்பலாக நின்றபோது, யார் என்ன என்று கேட்காமல் ஒரு துண்டை எடுத்து வீசினாள்.

"தலையத் தொவட்டு பாப்பா. காச்சல் வந்தா இங்க ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போக ஆளு கெடயாது."

பிறகு கடுங்காப்பி. லயத்துக்குப் பின்னால் பாறை இடுக்கில் ஒரு ஊற்று. மூங்கிலை இரண்டாகப் பிளந்து, தண்ணீர் ஒரு கல்தொட்டியில் விழும்படி வைத்திருந்தார்கள். மூன்று வீட்டுக்கும் குடிக்க, சமைக்க அதுதான். அதன் குளிர்ச்சியில் பல் கூசும். நான் இரண்டு பாட்டிலில் பிடித்துக் கொண்டுவந்து வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துக் குடித்திருக்கிறேன். அம்மாகூட வாய் திறக்காமல் ஒரு தம்ளர் குடித்தாள்.

இரண்டு வருஷம் அப்படிப் போனது. அப்புறம்தான் என் புத்தி வேலை செய்தது. சைக்கிள்காரர்கள் தாங்கள் போன வழியை வரைபடமாகப் போடும் ஒரு ஆப் அப்போது புதிதாகப் பரவியிருந்தது. எங்கள் பாதையை வளைவு வளைவாக அதில் ஏற்றினேன். படங்கள் போட்டேன், ஊற்றின் படம் உட்பட. 'சுத்தமான தண்ணீர் கிடைக்கும்' என்று ஒரு குறிப்பும் எழுதினேன். தங்கராஜ் அண்ணா கேன்டீனில் என் போனைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார்.

"இது வேண்டாம் மக்ளே. அது நம்ம வீட்டுப் பாதையா, நாம விருந்துக்குக் கூப்பிட?"

"நாலு நல்ல சைக்கிள்காரங்க வருவாங்க அண்ணா. வரட்டுமே."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போய்விட்டார். நான் மணிக்கொருதரம் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு அற்பமான சந்தோஷம்!

முதலில் சைக்கிள்கள் வந்தன. பின்னாலேயே புல்லட்டுகள், அதன் பின்னால் பாட்டுப் போட்டுக்கொண்டு ஜீப்புகள். நாங்கள் இரண்டு மாதம் வேலை மும்முரத்தில் போகமுடியாமல் இருந்துவிட்டு ஒரு ஞாயிறு ஏறினோம். ஆறாவது வளைவில் பிரியாணிப் பொட்டலங்கள் ஈ மொய்த்துக் கிடந்தன. பாறையில் யாரோ தன் பெயரையும் காதலி பெயரையும் எழுதியிருந்தான். பீர் பாட்டில்களை மரத்தில் எறிந்து உடைத்து விளையாடியிருந்தார்கள். சரளையோடு சரளையாகப் பச்சைக் கண்ணாடி மின்னியது. என் டயர் அங்கேயே பஞ்சர் ஆனது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஊற்றுக்குப் போனோம். தொட்டித் தண்ணீரில் வண்ணவண்ணமாக எண்ணெய் மிதந்தது. யாரோ செயினைக் கழுவியிருக்கிறார்கள். மூங்கிலுக்கு மேலே, தண்ணீர் வருகிற வழியிலேயே, ஒரு குழந்தையின் டயபர் உப்பிக் கிடந்தது. அதற்கும் மேலே மனிதர்கள் ஒதுங்கின அடையாளம்.

செல்வராணி அக்கா கீழே ஓடையிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூச்சு வாங்கியது.

"யாரோ நெட்டுல போட்டுட்டாங்களாம் பாப்பா. இங்க நல்ல தண்ணி கெடைக்குன்னு. அந்தக் கை வெளங்குமா சொல்லு?"

நான் வாயைத் திறக்கவில்லை. தங்கராஜ் அண்ணா என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. குடத்தை வாங்கி உள்ளே வைத்தார். அன்று அவள் கொடுத்த காப்பியையும் குடித்தேன், பாருங்கள். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வாயெல்லாம் கசக்கிறது.

இறங்குவதற்குமுன் அவரே என் டயருக்கு ஒட்டுப் போட்டார். விதுரா வந்ததும் சொன்னார், "நீ சொல்லிருக்கலாம்." அவ்வளவுதான்.

அன்றைக்கே அந்த வரைபடத்தை அழித்தேன். அதற்குள் எத்தனையோ பேர் அதை எடுத்துத் தங்கள் பெயரில் போட்டிருந்தார்கள். அடுத்த ஞாயிறு தனியாகப் போனேன். அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நெட்டுல போட்டது நான்தான்."

கை நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். அடித்தால்கூட நன்றாக இருக்கும் என்று நின்றேன். அவள் எழுந்து உள்ளே போய் ஒரு பழைய உரச் சாக்கை எடுத்து வந்து என் காலடியில் போட்டாள்.

"மேல இருந்து பொறுக்கிட்டு வா. குச்சியால தொடாத, கையால எடு."

கையால் எடுத்தேன். டயபரையும், புழு வைத்த எலும்பையும், இங்கே சொல்லத் தகாததையும். இரண்டுமுறை வாந்தி எடுத்தேன், அதையும் மண் போட்டு மூடினேன். அதற்கடுத்த வாரம் தங்கராஜ் அண்ணாவும் வந்தார். வந்ததும் இன்னொரு சாக்கைப் பிரித்தார். ஒரு மழைக்காலம் முழுக்க அதுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் ஒரு சாக்கு இறக்கினால் அடுத்த வாரத்துக்குள் மூன்று சாக்கு சேர்ந்துவிடும். மலைக்கு முதுகு காட்டி நின்று செல்ஃபி எடுக்கிறவர்கள் எங்களைத் துப்புரவுப் பணியாளர்கள் என்று நினைத்து, "சேச்சி, இதும்கூடி எடுத்தோ" என்று காலி பாட்டிலை நீட்டுவார்கள். வாங்கிக்கொள்வேன். மூஞ்சியில் எறிய வேண்டும் என்று கை பரபரக்கும்.

பிறகு எஸ்டேட் கை மாறியது. மூன்று குடும்பங்களும் இறங்கின. செல்வராணி அக்கா மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். தங்கராஜ் அண்ணாவுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. பாதையில் கான்கிரீட் போட்டு, மேலே அந்த ரிசார்ட்டைக் கட்டினார்கள்.

ரிசார்ட் படியில் உட்கார்ந்திருந்தேன் என்றேனே, அங்கிருந்து எழுந்து கட்டடத்தின் பின்பக்கம் போனேன். நீச்சல்குளத்துக்காகப் பாறையை உடைத்துச் சமன்படுத்தியிருந்தார்கள். லயமும் இல்லை, இடுக்கும் இல்லை. எந்த இடம் எது என்றே பிடிபடவில்லை. குளத்திலிருந்து குளோரின் நாறியது.

மறுநாள் தென்காசிக்குப் போன் போட்டேன். வருஷத்துக்கு ஒருமுறையாவது பேசுவது வழக்கம்தான்.

"மேல போயிருந்தேங்கா."

"அப்படியா!" குரல் துள்ளியது. "இங்க ஒரே உப்புத்தண்ணி பாப்பா, சோறு மஞ்சளாப் போவுது. நம்ம ஊத்து எப்படி இருக்கு?"

நல்லா இருக்கு என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது.

"இல்லக்கா. பாறைய ஒடச்சிட்டாங்க. ஊத்து இல்ல."

அந்தப் பக்கம் ஒரு பாத்திரத்தை இறக்கி வைக்கும் சத்தம் வந்தது.

"சரி, வை," என்றாள்.