மூக்கால மூச்சு விடத் தெரியாத சுழியோடி

வாய்க்குள்ள ரெண்டு கையையும் விட்டுக்கொண்டு "சுகமா இருக்கிறியளோ?" எண்டு கேக்கிற தொழில், பல் டொக்டர் தொழில். இதே பிழைப்புப் பிழைக்கிற சகபாவிகளே, உங்களுக்கு நான் சொல்லித் தெரியத் தேவையில்லை. ஆனா திருகோணமலைத் துறைமுகத்தடியில கிளினிக் வைச்சிருக்கிற என்னட்ட வந்த தவம் அண்ணை மாதிரி ஒராளை நீங்கள் கண்டிருக்க மாட்டியள்.

புடுங்கக் கூடாத பல்

சாம்பல்தீவுக்காரர். கப்பலுக்கு அடியில பிடிச்சிருக்கிற சிப்பியைச் சுரண்டுற சுழியோடி. வள்ளத்தில இருந்து காத்து வாற குழாயின்ர றப்பர் முனையைப் பல்லால கடிச்சுப் பிடிச்சுக்கொண்டுதான் வேலை. அந்தக் கடிக்கிற பல்லில பாதி உடைஞ்சு போச்சு. றப்பர் வழுக்குது, வாய்க்குள்ள தண்ணி வருது, மனுசன் அடிக்கடி மேல வாறார். இனியும் இப்பிடி வந்தால் வேற ஆள் பாப்பன் எண்டு வேலையை மேற்பாக்கிற போர்மன் சொல்லிப்போட்டாராம்.

நான் பல்லுப் புடுங்கிற குறட்டைக் கையில எடுக்கவேயில்லை. அதுக்குள்ள கதிரையில எழும்பி இருந்திட்டார். "புடுங்கினா என்ர வேலையையும் சேத்துத்தான் புடுங்குறியள், டொக்டர்."

ஈரம்

சரி, புடுங்காமல் உடைஞ்ச இடத்தை நிரப்பி ஒட்டுவம் எண்டு முடிவெடுத்தன். பல்லின்ர மேல் ஓடான எனாமல் ஒட்டுறதுக்குக் கரைச்சல் தராது. அதுக்கு உள்ள இருக்கிற டென்டீன்தான் பொல்லாதது. அசிட் வைச்சுக் கழுவினால் அதில மெல்லிய நார் எழும்பி நிக்கும். பசை அதுக்குள்ள இறங்கவேணும். காய விட்டால் நார் படிஞ்சிடும், ஈரம் கூடினாலும் பிடிக்காது. லேசா மினுங்கவேணும், அவ்வளவுதான்.

நான் பஞ்சால ஒத்தி ஒத்தி அந்த அளவுக்குக் கொண்டுவர, தவம் அண்ணை வாயால புஸ் புஸ்ஸெண்டு மூச்சு விடுறார். பல்லெல்லாம் ஈரப் புகார் படியுது. "மூக்கால விடுங்கோ அண்ணை" எண்டன். தலையாட்டினார். திரும்பவும் புஸ். எனக்குக் கோவம் வந்திட்டுது. ஒருமாதிரி ஒட்டி அனுப்பினன். அந்தக் கிழமையே நிரப்பினது கழண்டு றப்பரோட வந்திட்டுது. கொண்டுவந்து காட்டிப்போட்டுச் சொன்னார்: "வாய்க்குள்ள என்ன இருந்தாலும் மூக்குத் தன்ர பாட்டில பூட்டிடும், டொக்டர். கீழ மூக்கைத் திறந்தவன் மேல வரமாட்டான்."

கடைசித் தரம்

பல்லை மட்டும் வெளியில விட்டு வாயை மூடுற றப்பர்ச் சீலையைப் போட்டன். மூச்சு முட்டிப் பிச்சுக் கழட்டிப்போட்டார். விடியக் கப்பலுக்கு இறங்கவேணும், இறங்காட்டி வேலை இல்லை. கடைசியில அவராவே, "பசை பூசேக்குள்ள சொல்லுங்கோ, மூச்சுப் பிடிக்கிறன்" எண்டார்.

பிடிச்சார். நான் ஒத்தி, பூசி, காத்துக் கருவியால ஊதி, லைட்டை வைச்சன். நெஞ்சு அசையவேயில்லை. எனக்கு உதவிக்கு நிக்கிற கிண்ணியாப் பிள்ளை பரீனா அவற்ற கையைப் பிடிச்சு நாடி பாத்துக்கொண்டு நிண்டவள். லைட்டின்ர நீல வெளிச்சம் அவற்ற கன்னத்தில பட்டதுதான் தாமதம், குளறத் தொடங்கிட்டாள்: "அல்லாவே! டொக்டர், ஆள் நீலமாப் போறார்!"

மேல வராத நாள்

அடுத்தநாள் பின்னேரம் தவம் அண்ணை உப்புத் தலையோட வாசலில நிக்கிறார். திரும்பவும் கழண்டுபோச்சாக்கும் எண்டு நான் பசையை எடுக்கப் போனன். வாயைத் திறந்து காட்டினார். நிரப்பினது அப்பிடியே இருக்கு. சந்தோசத்தில எனக்குக் கண் கலங்கிப் போச்சு. அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்: "ஒருக்காலும் மேல வரேல்லை, டொக்டர். நான் செத்துப்போனன் எண்டு போர்மன் குழாயைப் பிடிச்சு இழுத்துப்போட்டார்!"

இப்ப என்ர கிளினிக்கில பல்லு ஒட்டேக்குள்ள, ஈரம் பட்டிடுமோ எண்டு மூச்சுப் பிடிக்கிறது நானும் பரீனாவும்தான். நோயாளிமார் நிம்மதியாக் கிடக்கினம்.