தார்நாகா கூடத்தின் எதிரொலி

கொண்டாப்பூரில் எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் காரை நிறுத்தி இறங்கும்போது, மழையில் ஊறிய காங்கிரீட் வாசம் மூக்கில் ஏறினால் போதும், இதே தெலுங்கு நகரத்தின் மறுகோடியில், தார்நாகாவில் அப்பாவின் ஆய்வகக் குடியிருப்புக்கு நடுவே இருந்த சமுதாயக் கூடத்துக்குள் போய்விடுவேன். காகிதத்தை மடித்து வைத்தது போன்ற காங்கிரீட் கூரை, வட்ட வட்டமாகத் துளையிட்ட சுவர், துளைக்கொரு புறா, தரையில் மெல்ல நகரும் வெயில் வட்டங்கள், எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்லும் எதிரொலி.

என் சின்ன வயதில் அங்கே நடந்த பொங்கல் விழாவில் தமிழ்ப் பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடையேறித் தமிழ்ப் பாட்டு ஒப்பிக்க வேண்டும். விழாவை நடத்துவதே அப்பாதான். தமிழ் படிக்கத் தெரியாத நான் என் பாட்டைத் தெலுங்கு எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். மூன்றாவது வரியில், என்னையறியாமல் பள்ளிக்கூடத்துத் தெலுங்குப் பாட்டுக்குத் தாவி, நிறுத்தத் தெரியாமல் கடைசிவரை சொல்லி முடித்தேன். அன்றைக்கு எதிரொலி வழக்கத்தைவிடப் பலமாக இருந்தது. ஒரே கைதட்டல். எதிரொலியில் யாருக்கும் எதுவும் புரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும், அப்பாவின் மானத்தை வாங்கிவிட்டேனோ என்ற பயம் வருடக்கணக்கில் போகவில்லை.

போன மாதம் கூடத்தை இடித்துவிட்டார்கள் என்று அப்பா ஃபோனில் சொன்னபோது, இருந்த ஒரே சாட்சியும் போன தைரியத்தில், அன்றைக்கு நான் சொன்னது தெலுங்குப் பாட்டு என்ற உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அப்பா சிரித்தார். "அது எதிரொலி இல்லம்மா. கீழ உக்காந்திருந்த நம்ம பிள்ளைங்க எல்லாம் உன்கூடச் சேந்து பாடுச்சுங்க."